கைகாட்டியது யார்?

கேள்வி: பேஸ்பால் நடுவர்கள் கையைத் தூக்கிக் காட்டுவது காது கேளாத ஒரு வீரருக்காக வந்த பழக்கம் என்கிறான் என் மகன். உண்மையா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பாதி உண்மை, அம்மா. அந்த வீரர் வில்லியம் ஹோய். 1862-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போயிற்று. கொலம்பஸில் காது கேளாதோர் பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, செருப்புத் தைக்கும் கடை வைத்தார்.

1886-ல் ஆஷ்காஷ் அணியில் சேர்ந்தபோதுதான் சிக்கல் வந்தது. நடுவர் சொன்னது ஸ்டிரைக்கா (சரியான எல்லைக்குள் வந்த பந்து), பாலா (எல்லைக்கு வெளியே போன பந்து) என்று தெரிய ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். மறுபடி முன்னால் திரும்புவதற்குள் அடுத்த பந்து வந்துவிடும். மூன்றாவது பேஸ் (ஓடுபவர் தொட்டு நிற்கும் இடம்) பக்கம் நிற்கும் கோச்சைக் கைகாட்டச் சொன்னார்: வலக்கை தூக்கினால் ஸ்டிரைக், இடக்கை தூக்கினால் பால். நடுவர்களே கைகாட்டும் வழக்கம் பிறகு பரவியது; அதை ஹோய் ஒருவர் கணக்கில் எழுத ஆதாரம் போதாது.

எழுதாவிட்டாலும் அவருக்குக் குறையில்லை. 1888-ல், பெரிய லீக்கில் ஆடிய முதல் ஆண்டிலேயே 82 பேஸ் திருடி, அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்து, நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தார். 1889 ஜூன் 19 அன்று வாஷிங்டன் அணிக்காக அவுட்ஃபீல்டில் நின்றவர், ஒரே ஆட்டத்தில் மூன்று பேரை, ரன் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கினார். பவுண்டரி கோட்டிலிருந்து எறிந்து மூன்று ரன் அவுட் எடுத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். உயரப் பந்தைப் பிடிக்க ஓடும்போது தொண்டையிலிருந்து ஒரு கீச்சொலி எழுப்புவார். அதைக் கேட்டதும் மற்ற ஃபீல்டர்கள் விலகி வழிவிடுவார்கள்.

பத்திரிகைகள் அவரை 'டம்மி ஹோய்' என்றே அச்சிட்டன. நம் தெருக்களில் 'ஊமை' என்று கூப்பிடுவார்களே, அதேதான். என் சின்ன அக்காவுக்குக் காது கேட்காது. வைத்த பெயரைச் சொல்லி அவளை எங்கள் தெருவில் யாரும் அழைத்ததில்லை. ஹோய் அந்தப் பட்டப்பெயரைத் தானும் ஏற்றுக்கொண்டவர். என்றாலும் எனக்கு அவர் வில்லியம் ஹோய்தான்.

99 வயதில், 1961 அக்டோபரில், சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) ஆட்டத்தைத் தொடங்கிவைக்க, மரியாதைக்கான முதல் பந்தை எறிந்தார். அந்த டிசம்பரில் காலமானார்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1902 மே 16 அன்று ஹோய் மட்டையோடு வந்து நின்றபோது, எதிரே நியூயார்க் அணிக்காகப் பந்து எறிய நின்றவர் லூதர் டெய்லர். அவருக்கும் காது கேட்காது. உன்னைப் பார்த்ததில் மகிழ்ச்சி என்று ஹோய் விரல்களால் சொன்னார்.