வாசகர் கேள்வி: முதற் பக்கங்களைத் தாண்டிச் செல்லலாமா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்திருந்த என் தமையனார், ஆபிரிக்க அமெரிக்கரின் இசை வரலாற்றைப் படங்களோடு சொல்லும் ஆங்கிலச் சிறுவர் நூலொன்றை என் ஒன்பது வயது மகளுக்குக் கொடுத்திருக்கிறார். தொடக்கத்திலேயே அடிமைக் கப்பலும் விலங்கிட்ட மனிதர்களும் வருகின்றன. அவற்றை விட்டுவிட்டு, பாட்டும் ஆட்டமும் உள்ள பக்கங்களிலிருந்து வாசித்துக் காட்டலாமா?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: விட்டுவிட வேண்டாம், அம்மா. அந்தப் பக்கங்கள் இல்லாமற்போனால், பின்னால் வரும் பாடல்கள் எதற்காகப் பிறந்தன என்பது பிள்ளைக்கு விளங்காது. 1739இல் தென் கரோலைனாவின் ஸ்டோனோ ஆற்றுப் பகுதியில் அடிமைகள் மேளம் முழக்கிக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அங்கு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் மேளம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மேளம் பறிபோன இடத்தில் கைதட்டலும் கால்மிதியும் தொடையிலும் மார்பிலும் தட்டும் தட்டுமே தாளமாயின. இதைச் சொல்லிவிட்டு, நீங்களும் மகளும் சேர்ந்து தட்டிப் பாருங்கள். வயலில் ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடிய முறையையும், கோயில் பஜனையிற் பாடிப் பழகிய பிள்ளையானால் உடனே இனங்கண்டுகொள்வாள்; ஆனால் அவர்கள் கூலியின்றி, விட்டுப்போகும் உரிமையுமின்றிப் பாடினார்கள் என்பதை மறவாமற் சொல்லுங்கள். இடம்பெயர்ந்த கதைகளை அம்மம்மாமாரிடம் கேட்டு வளரும் நம் பிள்ளைகள் துயரக் கதையைத் தாங்கமாட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. கேட்கும் கேள்விக்கு உண்மையான பதிலைச் சுருக்கமாகச் சொன்னாற் போதும்.

நான் சற்று நின்று வாசிக்கச் சொல்வது ஃபிஸ்க் பாடகர்களின் கதையை. அடிமை முறை ஒழிந்து ஆறே ஆண்டுகளில், 1871இல், நாஷ்வில் நகரிலிருந்த ஃபிஸ்க் கல்விக்கூடம் பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்தபோது, பெரும்பாலும் அடிமைகளாகப் பிறந்த மாணவர்களைக் கொண்ட ஒரு பாடகர் குழு நிதி திரட்டப் புறப்பட்டது. தம் பெற்றோர் மறைவாகப் பாடிய பக்திப் பாடல்களை அந்நியர் முன் பாட அவர்கள் முதலில் தயங்கினார்கள். பாடியபோதோ சபைகள் உருகின. 1873இல் விக்டோரியா மகாராணியாரும் கேட்டார். அவர்கள் ஈட்டிய பணத்தில் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கிறது. அக்கல்விக்கூடத்துப் பாடகர் நால்வர் 1909இற் செய்த ஒலிப்பதிவுகள் இணையத்திற் கிடைக்கின்றன; படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கச் செய்யுங்கள். இசையைப் பற்றிய புத்தகத்தைக் கண்ணால் மட்டும் வாசிப்பது அரைவாசி வாசிப்புத்தான்.

ராக்டைம், புளூஸ், ஜாஸ் என்று பின்னர் வரும் இசை வகைகளை அவள் விருப்பப்படி புரட்டட்டும். 1901இல் நியூ ஓர்லியன்ஸில் வறுமையிற் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தையும், 1963இல் கறுப்பின மக்களின் உரிமை கோரி நடந்த வாஷிங்டன் பேரணியிற் பாடிய மஹாலியா ஜாக்சனின் குரலையும் மட்டும் கட்டாயம் கேட்கச் செய்யுங்கள்.

இன்னுமொன்று: ஆபிரிக்க வழிவந்த மக்கள் நம் நாட்டிலும், புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில், மஞ்சா என்னும் தம் பாட்டைத் தாளத்தோடு இன்றும் பாடிவருகிறார்கள். நூலை முடித்ததும் வரைபடத்தில் அவ்விடத்தையும் மகளுக்குக் காட்டி, அந்தப் பாட்டையும் தேடிக் கேட்கச் செய்யுங்கள்.