பழைய செஸ்னாவும் சொந்தக்காரர் சங்கமும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள தம்பி,

நான் தேவகோட்டைக்காரன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமான என்ஜின்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை, பாதி புரியாவிட்டாலும், விடாமல் படிக்கிறேன். இப்போது எனக்கே ஒரு தேவை வந்துவிட்டது.

என் மகன் டல்லாஸ் பக்கம் இருக்கிறான். கிரீன் கார்டு வந்துவிட்டது. சிறு விமானம் ஓட்டும் லைசென்ஸும் எடுத்துவிட்டான். உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரோடு சேர்ந்து 1978ஆம் வருஷத்து செஸ்னா 172 ஒன்றை வாங்கப் போகிறார்கள். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கூட்டாளிகளில் ஒருவர், 'விமானச் சொந்தக்காரர்கள் சங்கத்தில் முதலில் சேருவோம்' என்கிறாராம். என் மகனோ, 'எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறது, சந்தா கட்டித் தொப்பியும் ஸ்டிக்கரும் வாங்க வேண்டுமா?' என்கிறான்.

விமானத்துக்கு அரை நூற்றாண்டு வயது என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, சொன்னாலும் கேட்கிற வயதில்லை. ஜூனில் நாங்கள் இருவரும் போகிறோம். அவன் ஆத்தாளை முன் சீட்டில் உட்கார வைத்துப் பறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். சங்கத்தில் சேர்வதில் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா? என் ஐயா பினாங்கில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கியவர். கணக்குப் பார்க்காமல் எதிலும் இறங்கிப் பழக்கமில்லை எங்களுக்கு. விவரமாக எழுதுங்கள்.

ஒரு வாசகர், தேவகோட்டை

*

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

சேரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சேரச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு சேர்ந்தால் பாதிப் பயன் போய்விடும்.

ஆனால் எந்தச் சங்கம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லா விமானிகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பொதுவான ஏ.ஓ.பி.ஏ. 1939இல் தொடங்கியது, மேரிலாந்து மாநிலத்தில் ஃப்ரெடரிக் ஊரில் தலைமையகம். இன்னொன்று, குறிப்பிட்ட ரக விமானம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான சங்கங்கள். செஸ்னாவுக்குத் தனி, பைப்பருக்குத் தனி, பொனான்ஸாவுக்குத் தனி. உங்கள் மகனுக்கு முதல் தேவை இரண்டாவது வகை. ஒரே ரகத்தை வைத்துக்கொண்டு பல வருடம் அல்லாடியவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். செஸ்னா 172 என்பது பல வயது, பல என்ஜின் கொண்ட பெரிய குடும்பம். 1956இல் விற்பனைக்கு வந்து இன்றுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். 1986இல் உற்பத்தியை நிறுத்தி, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். 1978 என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வருடத்து 172, 'என்' மாடல். அதில் வருவது லைகாமிங் கம்பெனியின் ஓ-320-எச்2ஏடி என்ற 160 குதிரைசக்தி என்ஜின். அதற்கு முந்தைய 'எம்' மாடலில் இருந்தது 150 குதிரைசக்தி, வேறு என்ஜின். வெளியே பார்த்தால் இரண்டு விமானத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

எச்2ஏடிக்கு ஒரு பழைய வியாதி உண்டு. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டும், அதன்மேல் ஏறி இறங்கும் டாப்பெட்டுகளும் சீக்கிரம் தேயும். லைகாமிங் என்ஜினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. விமானத்தை வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் எண்ணெய் எல்லாம் கீழே வடிந்து, அந்த இரும்பில் காற்றுப்படும். ஈரம் சேரும், துருப்புள்ளி விழும். மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது அந்தப் புள்ளியிலிருந்து உரிய ஆரம்பிக்கும். இதற்காகவே எல்.டபிள்யூ.16702 என்ற சேர்க்கையை எண்ணெயில் போட்டே ஆக வேண்டும் என்று 1980லேயே உத்தரவு வந்தது. சில எண்ணெய்களில் இப்போது அது கலந்தே வருகிறது. அப்புறம் இன்னொன்று. வழக்கமான விமான என்ஜினில் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ தனித்தனியாக இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும். எச்2ஏடியில் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, ஒரே தண்டால் சுழற்றுகிறார்கள். அந்தத் தண்டு போனால் இரண்டும் போச்சு.

இதைப் படித்துவிட்டு 'அந்த விமானமே வேண்டாம்' என்று போன் போட்டுவிடாதீர்கள். வாரம் தவறாமல் பறக்கும், எண்ணெய் ஒழுங்காக மாற்றிய எச்2ஏடி நன்றாகவே உழைக்கும். ஆறு மாதம் ஹேங்கரில் முடங்கிக் கிடந்ததுதான் ஆபத்து. இந்த விமானம் இரண்டில் எது என்பதை விற்கிறவர் சொல்ல மாட்டார். பதிவேடுகள் சொல்லும், அவற்றை வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவுகள் எல்லாம் எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க அரசின் விமானத் துறை அமைப்பின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, யூடியூபிலும் நல்ல மெக்கானிக்குகள் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறார்கள். இந்த விமானத்தின் எண்ணெய் ஃபில்டரைப் பார்த்து யாரும் பேசுவதில்லை.

அந்த ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலைக்காலம் முழுக்கப் பயிற்சி விமானங்களோடு இருந்தவன். எண்ணெய் மாற்றும்போது கழற்றின ஃபில்டரைத் தூக்கிப் போட மாட்டோம். கட்டரால் டப்பாவை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை நீளமாக அறுத்து, பிழிந்து, வெள்ளைத் துணிமேல் விரித்து வெயிலில் வைத்துப் பார்ப்போம். கரி இருக்கும், அது சகஜம். சாய்த்துப் பிடித்தால் சில நாள் பொடிப்பொடியாக மின்னும். காந்தத்தை நீட்டுவோம். ஒட்டவில்லை என்றால் அலுமினியமோ பித்தளையோ, அது ஒரு கதை. ஒட்டினால் இரும்பு, கேம் பக்கம் சந்தேகம் போகும். ஒன்றிரண்டு மயிரிழைத் துணுக்கு என்றால் இன்னும் சில மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி வெட்டிப் பார்க்கலாம். கால் ஸ்பூன் தேறினால் விமானம் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. நடுவில் இருக்கும் அளவுதான் தொல்லை. அந்த இடத்தில் புத்தகம் கைவிட்டுவிடும். என்னைவிட அதிக ஃபில்டர் வெட்டியவரைத்தான் நான் போனில் கூப்பிடுவேன். வேறு ஊர்ப் பயிற்சிப் பள்ளியில் இருந்தார், எங்கள் பள்ளிக்குப் போட்டிப் பள்ளி. ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்றதில்லை.

டெக்சாஸில் ஒரு சிறிய விமான மைதானத்தில் விமானத்தை நிறுத்தப் போகும் மூன்று பேருக்கு அப்படி யாரைக் கூப்பிடத் தெரியும்? சங்கம் என்றால் அந்தப் போன் நம்பர். நல்ல ரகச் சங்கங்கள் அனுபவப்பட்ட டெக்னீஷியன்களை வைத்து உறுப்பினர்களுக்குப் பதில் சொல்கின்றன. பழைய கேள்விகளும் பதில்களும் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கும்.

உங்கள் ஐயா காலத்துப் பினாங்குக் கிட்டங்கியை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் பல வட்டிக்கடைகள். ஆளுக்கொரு பெட்டி, தனித்தனி முதல், தனித்தனிப் பேரேடு. ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்க்க முடியாது. ஆனால் எந்த வியாபாரிக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்பது மறுநாளே எல்லாப் பெட்டிக்கும் தெரிந்திருக்கும். நடப்பு வட்டியைக் கோயிலில் கூடிப் பேசித்தான் வைத்தார்கள். தனியாளாகப் போய்க் கடை போட்டவன் அந்தச் செய்தி எல்லாவற்றையும் தன் கைப்பணத்தை இழந்துதான் கற்றிருப்பான். பழைய விமானம் வாங்குகிறவனுக்கும் இதேதான் நிலைமை.

ஏன் வாங்கும் முன்பே சேரச் சொல்கிறேன் என்றால், பணம் கைமாறும் முன் பார்க்க வேண்டியவை அதிகம். நீங்கள் வங்கியில் இருந்தவர், வில்லங்கம் பார்க்காமல் வீட்டுக்குக் கடன் கொடுத்திருக்க மாட்டீர்கள். அமெரிக்க விமானங்களின் உரிமைப் பதிவும் அடமானமும் ஓக்லஹோமா சிட்டியில் எஃப்.ஏ.ஏ. பதிவகத்தில் இருக்கின்றன. அங்கே வில்லங்கம் தேடலாம். பெரிய ரிப்பேர் செய்தால் 337 என்ற படிவம் போட வேண்டும், அதன் நகலும் அங்கே கிடைக்கும். இறக்கை மாற்றியது, மூக்கு அடிபட்டது எல்லாம் அதில் தெரியும். வாங்குவதற்கு முன் சோதிக்கும் மெக்கானிக், விற்கிறவருக்கு வழக்கமாக வேலை செய்கிறவராக இருக்கக் கூடாது. அந்தப் பகுதியில் 172 தெரிந்தவர் யார் என்று சங்கத்தில் கேட்டால் பெயர் சொல்வார்கள். கிரீன் கார்டு பற்றி எழுதியிருந்தீர்கள், அது நல்லது. தனியாள் பெயரில் பதிய குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ வேண்டும். மற்ற இரண்டு பேருக்கும் அது இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை விசாவில் இருப்பவர் பங்காளியாகப் பெயர் போட முடியாது.

மூன்று பேர் கூட்டு என்பதில் எனக்கு என்ஜினைவிட அதிகக் கவலை. இந்த என்ஜினை 2,000 மணி நேரத்தில் முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் செலவு பல ஆயிரம் டாலர். யாருடைய காலத்தில் அது வந்து விழும்? ஒருவர் மாதம் இருபது மணி நேரம் பறக்கிறார், இன்னொருவர் இரண்டு மணி நேரம். பங்கு சமமா? ஒருவர் வேலை மாறி ஊரை விட்டுப் போனால் அவர் பங்கை யார், என்ன விலைக்கு எடுப்பது? பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று என்ஜின் நிதிக்கு ஒதுக்கி வைக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே. கூட்டு உரிமை ஒப்பந்தத்துக்கு மாதிரிகள் ஏ.ஓ.பி.ஏ.வில் கிடைக்கும். அதை வாங்கி, நீங்களே உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு இருக்கும் கண் அந்த மூன்று பேருக்கும் இருக்காது.

ஏ.ஓ.பி.ஏ.வில் சேர்வதற்கு வேறு காரணமும் உண்டு. சிறு விமானிகளுக்கான மருத்துவச் சான்று முறையை எளிதாக்கிய பேசிக்மெட் 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் பல வருடம் மன்றாடியவர்களில் முதன்மையானவர்கள் இவர்கள். இப்போது எஃப்.ஏ.ஏ.வும் விமானத் துறையினரும் சேர்ந்து, ஈயம் கலந்த விமானப் பெட்ரோலை 2030 முடிவுக்குள் நிறுத்துவது என்ற இலக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் வாங்கும் என்ஜின் அந்தப் பெட்ரோலில்தான் ஓடுகிறது. மாற்றாக என்ன வரும், பழைய என்ஜினுக்கு அது ஆகுமா என்று பேசும் மேஜையில் தனி ஆளுக்கு நாற்காலி கிடையாது. சந்தா வருடத்துக்கு நூறு டாலருக்கு அப்படி இப்படி. விமானம் வைத்திருப்பவனுக்கு அது ஒரு செலவே அல்ல.

எப்போது வீண் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஷூரன்ஸ் தள்ளுபடிக்காக, வாடகைக் கார் தள்ளுபடிக்காகச் சேர்வது வீண். சந்தா கட்டிவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருப்பதும் வீண். பெயருக்கு ஒரு தளம் நடத்திப் பணம் வாங்குகிறவர்களும் இருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: சேரும் முன் ஒரு கேள்வி அனுப்பச் சொல்லுங்கள். 'இந்த 172 என்-ஐ வாங்கலாமா?' என்று. 'அருமையான விமானம், வாழ்த்துகள்' என்று பதில் வந்தால் விட்டுவிடலாம். 'சீரியல் நம்பர் என்ன, கடைசி ஒரு வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக ஃபில்டரை யார் வெட்டிப் பார்த்தார்?' என்று எதிர்க்கேள்வி வந்தால் அன்றே சந்தா கட்டலாம்.

வள்ளல் அழகப்பர் லண்டன் பக்கம் குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் வாங்கியவர், ஜூபிடர் என்ற விமான நிறுவனத்தையே நடத்தியவர். செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணைப் பக்கம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் இன்னும் கிடக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளை ஒருவன் சொந்தமாக விமானம் வாங்குகிறான் என்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கடைசியாக ஆச்சி உட்காரப் போகும் முன் சீட். பழைய செஸ்னாக்களின் சீட் இரண்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தில் வரிசையாக ஓட்டைகள், சீட்டிலிருந்து ஒரு ஊசி இறங்கி ஓட்டையில் உட்கார வேண்டும். வருடக்கணக்கில் ஓட்டைகள் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும், ஊசி அரைகுறையாக நிற்கும். விமானம் வேகமெடுத்து மூக்கைத் தூக்கும் நேரத்தில் சீட் பின்னால் வழுக்கும். விமானி கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டு வளையத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார். மூக்கு இன்னும் மேலே போகும், வேகம் குறையும். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1987இல் ஒரு உத்தரவு, 2011இல் அதைப் புதுப்பித்து இன்னொன்று, இரண்டும் இந்தத் தண்டவாளத்துக்காகத்தான். செஸ்னாவே கூடுதல் தடுப்பு ஒன்றையும் கொடுத்தது. அது இந்த விமானத்தில் மாட்டியிருக்கிறதா என்று மகனைக் கேளுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் வழுக்கிப் பயத்தில் வளையத்தைப் பிடித்தாலும் ஆபத்து அதேதான். ஆகையால் ஆச்சி உட்கார்ந்து சீட்டைச் சரி செய்ததும், முன்னும் பின்னும் இடுப்பால் நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது.

சங்கத்தில் சேர நாளாகும் என்றால், என்ஜின் பதிவேட்டின் கடைசிச் சில பக்கங்களைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்க்கிறேன். தேவகோட்டை என்று மட்டும் எழுதாமல் உங்கள் தெருவையும் எழுதுங்கள், அந்தப் பக்கம் வரும்போது நேரிலேயே வந்து பேசுகிறேன்.

அன்புடன்.