சி.எஸ்.ஐ. சபைக்காரர் சந்தியாகோவுக்கு நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 61 வயது. மார்த்தாண்டம் பக்கம். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறாள். ஸ்பெயினில் யாக்கோபு அப்போஸ்தலரின் கல்லறைக்கு நடந்து போகிற சந்தியாகோ யாத்திரைக்கு வாங்கம்மா என்று கூப்பிடுகிறாள். அவளுக்கு லீவு ஒரு வாரம்தான் கிடைக்கும். எனக்குக் கூட்டம் ஆகாது. செவிலியிலிருந்து ஓர் அமைதியான பாதை இருக்கிறதாம், அதில் தனியாக ஜெபித்துக்கொண்டே நடக்க ஆசை. நாங்கள் சி.எஸ்.ஐ., சீர்திருத்த சபைக்காரர்கள். 'கல்லறையைப் பார்க்க அவ்வளவு தூரம் நடக்கணுமா, வீட்டில் முழங்கால் போட்டால் போதாதா' என்கிறார் வீட்டுக்காரர். போகலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

போகலாம். ஆனால் செவிலியிலிருந்து வேண்டாம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைப் பார்ப்போம். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. யாத்திரை போனால் புண்ணியம் சேரும் என்ற எண்ணத்தைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே சாடியிருக்கிறார். ஆனால் வேதாகமத்தில் 120 முதல் 134 வரை பதினைந்து ஆரோகண சங்கீதங்கள் இருக்கின்றனவே, அவை எருசலேமுக்கு மலையேறிப் போனவர்கள் பாடியவை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். நம் மாவட்டத்துச் சீர்திருத்த சபையின் கதையும் ஒரு யாத்திரையில்தான் தொடங்குகிறது. மயிலாடி மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். போன இடத்தில் மனம் நிறையாமல் தஞ்சாவூருக்கு வந்து, அங்கே ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் அழைத்த பிறகுதான் 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். இதைச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்காரர் அதற்கும் ஏதாவது சொல்வார், சொல்லட்டும்.

இனி பாதை. செவிலியிலிருந்து புறப்படும் வியா டி லா பிளாட்டா அமைதியானது என்பது உண்மைதான். ஆனால் அது கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர். நடந்து முடிக்க ஒன்றரை மாதம் வேண்டும். கோடையில் அந்தப் பக்கம் 40 டிகிரியைத் தொடும். வெயில் நமக்குப் புதிதில்லை என்பீர்கள். ஆனால் நம்மூரில் பத்து நிமிஷம் நடந்தால் ஒரு சாயாக்கடை வந்துவிடும். அங்கே சில நாள் 20 கிலோமீட்டருக்கு மேல் கடையும் இல்லை, தண்ணீரும் இல்லை. முதல் நீண்ட நடையைத் தனியாக அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதே பாதையின் கடைசித் துண்டு ஓரென்சே நகரத்திலிருந்து சந்தியாகோ வரை. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். மகளின் ஒரு வாரத்துக்கு அளவாக இருக்கும், அமைதியும் கிடைக்கும். ஓரென்சேயில் தெருவிலேயே வெந்நீர் ஊற்று உண்டு. அடுத்து வரும் சேயா ஊர் ரொட்டிக்குப் பெயர் போனது, ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே பாதை இரண்டாகப் பிரியும்போது, சுற்று என்று பார்க்காமல் ஓசெய்ரா வழியில் போங்கள். சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் இன்றும் வாழ்கிற பழைய மடம் அது. உங்கள் ஜெபத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்தப் பாதையில் கிடைக்காது. திருப்பலியில் தாராளமாக உட்காரலாம். நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கானது, அதில் மனத்தாங்கல் வேண்டாம்.

கடைசி நூறு கிலோமீட்டரை நடந்தவர்களுக்கு சந்தியாகோவில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். எந்தச் சபை என்று பார்ப்பதில்லை. யாத்திரிகர் அட்டையில் தினம் இரண்டு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அங்கே இருப்பது நம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) மக்கள் சந்தியாகப்பர் என்று கொண்டாடும் யாக்கோபு அப்போஸ்தலரின் கல்லறை என்று நம்புகிறார்கள். நீங்கள் நம்பித்தான் நடக்க வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு நடை இங்கேயே நடந்து பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நட்டாலத்திலிருந்து காற்றாடிமலைக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். (சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல், வெறுங்காலோடு, பன்னிரண்டு சிவன் கோயிலையும் ஓடி முடிப்பதும் இதே நட்டாலத்தில்தான்.)

முதல் நாள் தக்கலை தாண்டிப் புலியூர்க்குறிச்சி. அங்கே முட்டிடிச்சான் பாறையில் ஒரு சின்னக் குழி இருக்கும். தாகத்தில் அவர் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்தது என்பார்கள். கால்மணி தூரத்தில் உதயகிரிக் கோட்டை. அவருக்குக் கிறிஸ்துவைச் சொன்ன டச்சுத் தளபதி டிலனாய் அடங்கியிருப்பது அங்கேதான். இரண்டாம் நாள் கோட்டாறு, அங்கே சவேரியார் ஆலயத்துக்குள் தேவசகாயத்தின் கல்லறை. மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பினால் தோவாளைப் பூச்சந்தை கூடியிருக்கும்போதே தாண்டிவிடலாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் காற்று ஆளைத் தள்ளும். ஜனவரிதான் தோது, ஆனால் 14-ஐ ஒட்டிக் கூட்டம் இருக்கும், ஒரு வாரம் தள்ளிப் போங்கள். தெம்பிருந்தால் இன்னொரு அரை நாள் தெற்கே மயிலாடிக்கும் நடந்துவிடுங்கள்.

மெயின் ரோட்டில் நடக்காதீர்கள். கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் அங்கே ஓரம் விடுவதே இல்லை. ஊர்ப்பாதை, சானல்கரை என்று கேட்டுக் கேட்டுப் போங்கள். நம்மூரில் தனியாக நடந்தால் அமைதி குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைக்கை நிறுத்தி 'எங்க போறீங்க, ஏறுங்க டீச்சர்' என்பார்கள். நடந்துதான் போகிறேன் என்றால் அடுத்த கேள்வி 'ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?'

ஸ்பெயினுக்குப் போடப்போகிற ஷூவையே இங்கேயும் போடுங்கள். பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. குதிகாலில் சூடு தெரிந்த உடனே உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நடந்தால் கொப்புளம் வந்துவிடும், மறுநாள் நடை போச்சு. சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் பாதத்தைக் காட்டாமல் கிளம்பவே கூடாது.

மூன்றாம் நாள் முடிவில் இன்னும் நடக்கலாம் என்று தோன்றினால் விசா வேலையை ஆரம்பியுங்கள். ஓரென்சே பக்கம் மே அல்லது செப்டம்பர் நல்லது, ஆனால் எந்த மாதமும் மழை வரும், மழைக்கோட்டு வேண்டும். மகள் வீட்டில் தங்குவதென்றால் அவள் அங்கே போலீஸ் அலுவலகத்தில் அழைப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், இப்போதே சொல்லி வையுங்கள்.