அக்கி ஆறியும் எரிச்சல் தீரவில்லையே!

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உண்டு. நான்கு மாதத்துக்கு முன் விலாவில் அக்கி வந்து ஆறிவிட்டது. ஆனால் அங்கே ரவிக்கை பட்டாலே துடிக்கிறார். வலி மாத்திரை டைக்ளோபினாக்குக்கும் வலி கேட்கவில்லை. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் 75 மி.கி. ஐந்து நாள் போட்டு, தலைசுற்றுகிறது, வலியும் குறையவில்லை என்று நிறுத்திவிட்டார். வேறு மருந்து உண்டா?

பதில்: உண்டு. முதலில் டைக்ளோபினாக்கை நிறுத்துங்கள். அது வீக்கத்தால் வரும் வலிக்கானது. அம்மாவுக்கு வலிப்பது அக்கிக் கிருமி நரம்பையே பழுதாக்கியதால். சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவருக்கு அந்த மாத்திரையால் சிறுநீரகம்தான் கெடக்கூடும்.

ப்ரீகாபலின் தோற்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து நாள் போதாது. இவ்வகை மருந்துகளின் பலனைக் கணிக்கச் சில வாரங்கள் வேண்டும். தலைசுற்றியது, எடுத்த எடுப்பில் அந்த அளவு அவருக்கு அதிகம் என்பதால் இருக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, அதற்குப் பதில் அதே வகை மருந்தான காபாபென்டின் 100 மி.கி. இரவில் மட்டும் தொடங்கி மெல்ல ஏற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இதுவும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அந்தப் பரிசோதனை கட்டாயம். இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும். இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்பு தாங்காது.

இன்னொரு வழி, நார்ட்ரிப்டிலின் 10 மி.கி. மனச்சோர்வுக்கான மருந்துதான், ஆனால் நரம்பு வலியையும் தணிக்கும். "அம்மாவுக்கு மனநோயா?" என்று பதற வேண்டாம். வாய் உலரும், மலம் கட்டும். கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஈசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது.

அம்மாவுக்கு வலி ஓரிடத்தில்தான் என்பதால், எனக்கு மிகவும் பிடித்தது, அந்த இடத்தை மரக்கச் செய்யும் லிடோகெயின் 5% ஒட்டுப்பட்டை. புண்ணில்லாத தோலில் ஒட்டி, 12 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மயக்கம் தராது. விலைதான் அதிகம். மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் களிம்பும் உண்டு; முதல் சில நாள் எரிச்சல் கூடும், பலர் அதிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பி12 வைட்டமின் மாத்திரையான மெத்தில்கோபாலமின், உடலில் பி12 குறைவாக இருந்தால்தான் உதவும். சர்க்கரைக்கான மெட்பார்மின் பல வருடம் சாப்பிடுபவர் என்றால் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். அபின் வகை வலி மருந்தான டிரமடால் கடைசி வழி. மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

வலி பாதியாகக் குறைந்து அவர் தூங்கினாலே மருந்து வேலை செய்கிறது என்று பொருள். பலருக்கு மாதங்கள் போகப்போக வலி தானாகவும் தணியும். அப்போதும் மாத்திரையைச் சட்டென நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.