கோடைக் கடைசியில் பண்ணை வீட்டு அன்றாட வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

ஒரு மாடு, நாலைந்து ஆடு, இருபது கோழி, கொஞ்சம் காய்கறிப் பாத்தி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கோடையின் கடைசி வாரங்களை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடிகாரத்தை விட்டுவிட்டு வெயிலைப் பார்த்து வேலையைப் பிரியுங்கள். தண்ணீர் வேலை முழுவதும் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிட வேண்டும். மற்றதை நிழலில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

கடும் வெயிலில் கறவை மாடு நாளுக்கு 80 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். ஆடு 5 முதல் 10 லிட்டர். முட்டையிடும் கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும், இப்போது அரை லிட்டர் கேட்கும். இந்தக் கணக்கை வைத்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள். வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பில் முதலில் வருவது வெந்நீர். அதைத் தட்டில் பிடித்து வைத்தால் கோழி வாய் வைக்காது, நாற்றில் விட்டால் வேர் வெந்துவிடும். கையை நீட்டிப் பார்த்து, சூடு ஆறும்வரை பாதையோரமாக விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். பழைய தண்ணீரின் மேலேயே புதிதாக ஊற்றி நிரப்பும் வழக்கம் வேண்டாம். தினமும் கொட்டி, வழவழப்பு போகத் தேய்த்தால்தான் பாசி கட்டாது.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் பற்றாமல் போகிறது. கோடையில் ஓடு மெலிவதற்கும், ஓடில்லாமல் தோல் மட்டும் மூடிய தோல்முட்டை விழுவதற்கும் இது பெரிய காரணம். சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் தூளை அள்ளி வைத்தால் மட்டும் சரியாகாது. முதலில் கூட்டின் சூட்டைக் குறைக்க வேண்டும். கிளிஞ்சல் வைப்பதானால் சாயங்காலம் வையுங்கள், ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது. தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். செரிமானமே உடம்பைச் சூடாக்கும் என்பதால் நடுப்பகலில் தீனி வேண்டாம். கூட்டைச் சுற்றியுள்ள தரையை நனைக்கலாம், உள்ளே நனைக்காதீர்கள். உள்ளே ஈரப்பதம் ஏறினால் கோழி எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. சுருண்டு விழுந்த கோழியை நிழலில், காற்று வரும் இடத்தில் வைத்து, அதன் கால்களை மட்டும் குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

சேவல் இருக்கும் கூட்டில் முட்டையை நாளுக்கு மூன்று தடவையாவது எடுங்கள். சுமார் 21 டிகிரி தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கும், வளர்வது பாதியில் நின்றால் முட்டை கெட்டுவிடும். இரவில் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் பாருங்கள். பகலில் செள் என்னும் சிறு பூச்சி கண்ணில் படாது. இரவில் இடுக்கிலிருந்து கிளம்பி வந்து ரத்தம் குடிக்கும். இந்தச் சூட்டில் அதன் ஒரு தலைமுறை ஏழு முதல் பத்து நாளில் முடிந்துவிடும். அதனால் ஒரு முறை மருந்தடித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. வாரம் ஒருமுறை இடுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆடு மாட்டுக்கு இந்தக் காலத்தில் பெரிய ஆபத்து தீவனச் சோளம். தண்ணீரின்றி வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், வறட்சிக்குப் பின் முதல் மழையில் தூர்விட்டுத் துளிர்க்கும் முழங்கால் உயரக் குருத்திலும் சயனைடு நச்சு கூடுதலாக இருக்கும். பசித்த மாடு அதை வயிறார மேய்ந்தால் மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், தள்ளாடும், சில நிமிடங்களிலேயே விழக்கூடும். மருத்துவர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடுவதுதான் வழக்கம். பச்சையாகக் கொடுப்பதானால் பூத்த பிறகு வெட்டுங்கள். முன்பே வெட்ட நேர்ந்தால் நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள், காய்ந்தால் நச்சு பெரும்பாலும் போய்விடும். யூரியா அதிகம் போட்ட பயிரில் நச்சும் அதிகம்.

பாத்திக்கு வருவோம். மதியம் இலை தொங்குகிறதே என்று உடனே தண்ணீர் விடாதீர்கள். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் செடிக்கு ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு விரல் ஆழம் மண்ணைக் கிளறிப் பாருங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். மண்ணுக்கேற்ப இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, விடிகாலையில், ஆழமாக விடுவதே நல்லது. மண்ணை மூடப் பரப்பும் வைக்கோல், சருகு போன்ற மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும், ஆனால் தண்டை ஒட்டிப் போட்டால் அடித்தண்டு அழுகும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும். அதற்கு உரம் போடுவது வீண் செலவு.

மதிய நேரம் விதை பிரிக்கவும் அரிவாள் தீட்டவும் சரி.

காய்ந்த தீவனத்தைப் போர் போடும்போது உள்ளே ஈரம் காயாத பச்சை இருந்தால் தானே சூடேறித் தீப்பற்றலாம். போட்ட முதல் சில வாரங்கள் ஓர் இரும்புக் கம்பியைப் போரின் நடுவரை செருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் போரைப் பிரித்தாக வேண்டும். காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றலாம், அதனால் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். போரும் வீடும் ஒட்டியிருக்கக் கூடாது, நடுவில் உள்ள காய்ந்த புல்லைச் செதுக்கிவிடுங்கள். போரடியில் கையை விடும் முன் குச்சியால் தட்டுங்கள். எலியைத் தேடியும் குளிர்ச்சியைத் தேடியும் பாம்பு அங்கேதான் வந்து படுக்கும்.

மழை இறங்குவதற்குள் கூரைத் தகரத்தையும் தண்ணீர் வடியும் குழாயையும் கூட்டித் தள்ளிவிடுங்கள். அப்படியும் முதல் மழையைத் தொட்டியில் பிடிக்க வேண்டாம். தூசியும் பறவை எச்சமும் ஓடி முடியும்வரை குழாயை வெளியே திருப்பி விட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு உள்ளே விடுங்கள்.