ரீசார்ஜ் செலவைக் குறைக்க வீட்டில் எல்லா எண்ணையும் விலை குறைந்த நெட்வொர்க்குக்கு மாற்றிவிடலாமா?

வீட்டில் மூன்று எண்கள், ரீசார்ஜுக்கே மாதம் 900 ரூபாய் போகிறது, மூன்றையும் ஒரே நாளில் போர்ட் செய்துவிடலாமா (எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவது) என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்று ஊரில் தனியாக இருக்கும் அப்பாவின் எண் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

உங்கள் எண்ணைத் தாராளமாக மாற்றிப் பாருங்கள். அப்பாவின் எண்ணில் மட்டும் அவசரப்படாதீர்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டேன். மூன்று மாதம் கஷ்டப்பட்டது என் அம்மா.

2021 டிசம்பர் வாக்கில் எல்லாத் தனியார் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை ஏற்றியது நினைவிருக்கும். அடுத்த சில வாரங்களில் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான், மனைவி, மகன், சங்கரன்கோவில் பக்கம் ஊரில் அம்மா என்று நான்கு சிம். எது மலிவு என்று பார்த்து, நான்கையும் ஒரே வாரத்தில் மாற்றினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. அதே கம்பெனி சிம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அருமையாக எடுத்தது. தாம்பரத்தில் எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை. அம்மாவின் வீட்டுக்குள் மட்டும்தான் எடுக்கவில்லை.

தாத்தா கட்டிய வீடு, சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாது. பழைய சிம்மில் அடுப்படியில் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தவர், புது சிம் வந்த பிறகு பின்கட்டைத் தாண்டி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் பேச முடிந்தது. நான் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை கேட்கும், கட்டாகிவிடும். ஐந்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிடுவார். "எய்யா, கல்லுப் பக்கம் வந்துட்டேன். இப்பக் கேக்குதா?" ஒவ்வொரு நாளும் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தலைசுற்றல் வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட, சுவரைப் பிடித்துக்கொண்டே இருட்டில் அந்தக் கல்வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். அப்போது அவருக்கு 72 வயது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உடனே திரும்ப மாற்றலாம் என்று கடைக்குப் போனால் முடியாது என்றார்கள். ஒரு நெட்வொர்க்குக்கு வந்த எண்ணை 90 நாளைக்கு வேறு எங்கும் போர்ட் செய்ய முடியாது. அது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி, எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த 90 நாளை நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் விலைப் பட்டியல் இல்லை. அந்த போன் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான். "எங்கள் ஊரில் நன்றாக எடுக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை ஊருக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அலைவரிசை குறைவாக இருந்தால் (700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி) தூரமும் போகும், சுவரைத் தாண்டி உள்ளேயும் ஓரளவு வரும். 2300 மாதிரி உயர்ந்த அலைவரிசை வேகம் கொடுக்கும், ஆனால் கனமான சுவர் வந்தால் அங்கேயே சோர்ந்துவிடும். பக்கத்து டவரில் எந்தக் கம்பெனி எதைப் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே தெருவில் ஒரு வீட்டில் நான்கு சிக்னல் கோடும் அடுத்த வீட்டில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். டிராய் சொன்னதால் 2025-இலிருந்து கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் கவரேஜ் மேப் போட்டிருக்கின்றன. ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்பாவின் வீட்டுச் சுவர் அந்த மேப்பில் வராது.

இரண்டாவது, அப்பா கையில் இருப்பது என்ன போன்? பழைய 2ஜி பட்டன் போன் என்றால் ஜியோ சிம் அதில் வேலையே செய்யாது. ஜியோ தொடங்கியதே 4ஜியில்தான், அவர்களிடம் 2ஜியும் 3ஜியும் கிடையாது. பி.எஸ்.என்.எல். 4ஜி பல இடங்களில் 700 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 4ஜி என்று எழுதியிருக்கும் பழைய போன்களில் சிலவற்றுக்கு அந்த அலைவரிசை பிடிக்காது. போன் மாடலைத் தேடி, அதில் பேண்ட் 28 (அந்த 700 மெகாஹெர்ட்ஸுக்கான பெயர்) இருக்கிறதா என்று பாருங்கள். சிம்மில் மிச்சம் பிடித்த காசு புது போனுக்குப் போய்விட்டால் என்ன லாபம்?

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி, 28 நாள் பிளான் 2021-இல் 199, அந்த டிசம்பரில் 239, 2024 ஜூலையில் 299. கடைசி உயர்வு வெறும் 60 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் 28 நாளை மாதம் என்று எண்ணக் கூடாது. வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். ஒரு சிம்முக்கு 780 ரூபாய் கூடுதல், நான்கு சிம்முக்கு 3,120. இரண்டு மாத கேஸ் சிலிண்டருக்கு மேலேயே வரும். உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

அந்த ஜூலையில் பி.எஸ்.என்.எல். மட்டும் விலை ஏற்றவில்லை. அந்த ஒரே மாதத்தில் அதற்கு 29 லட்சம் பேர் கூடினார்கள் என்று டிராய் கணக்கு வந்தது. ஆனால் நவம்பர் கணக்கு வந்தபோது அதன் எண்ணிக்கை மறுபடி இறங்கியிருந்தது. ஜூலையில் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறியவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குள் சிக்னல் பார்க்காமல் மாறியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு 2025 செப்டம்பரில் பி.எஸ்.என்.எல். 4ஜி நாடு முழுக்கத் தொடங்கப்பட்டது, நிலைமை மாறியிருக்கிறது. இன்றைய நிலையில் உங்கள் இடத்தில் எப்படி என்று புதிதாகத்தான் சோதிக்க வேண்டும். பழைய கதையை வைத்து அதை ஒதுக்கவும் வேண்டாம்.

பிளான்களை ஒப்பிடும்போது நான் மொத்த விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். விலையை நாளால் வகுக்கிறேன். 299-ஐ 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 10 ரூபாய் 68 பைசா. அதே ஒன்றரை ஜிபி, 84 நாளுக்கு 799 என்றால் 9 ரூபாய் 51 பைசா. வருடத்துக்குச் சுமார் 400 ரூபாய் மிச்சம், கம்பெனியே மாற வேண்டாம். தினம் 2 ஜிபி பிளானில் இருக்கிறீர்கள் என்றால் அது எதற்கு என்று ஒருமுறை யோசியுங்கள். 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெலிலும் வரம்பில்லாத 5ஜி, தினம் 2 ஜிபிக்குக் குறையாத பிளான்களுக்குத்தான் என்று ஆக்கினார்கள். வீட்டிலும் ஆபீசிலும் வைஃபை இருப்பவருக்கு அது வேண்டியதே இல்லை. என் மனைவிக்கு வேலை வீட்டிலிருந்துதான். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு 3 ஜிபிகூடச் செலவாகவில்லை. பிளானைக் குறைத்தோம், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய மிச்சம் அம்மாவின் எண்ணில்தான் கிடைத்தது. 2024 டிசம்பரில் டிராய் ஒரு விதி கொண்டுவந்தது. நெட் வேண்டாதவர்களுக்கு, பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பிளானையும் கம்பெனிகள் தர வேண்டும் என்று. அடுத்த மாதமே வந்தன. நான் பார்த்தபோது ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஏர்டெலில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. நாளுக்கு ஐந்து ரூபாய் சொச்சம். வருடத்துக்கு 3,887 கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவருக்கு அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உங்கள் அப்பா வாட்ஸ்அப் பார்ப்பதில்லை என்றால் முதலில் இதைத்தான் செய்வேன். அவருக்குப் பழகிய நெட்வொர்க் அப்படியே இருக்கும். ஆப்பைத் திறந்ததும் முதல் பக்கத்தில் இந்தப் பிளான்கள் வராது, கொஞ்சம் கீழே இறங்கித் தேட வேண்டும். போடுவதற்கு முன் இன்றைய விலையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மாறுவதுதான் சரி என்று தோன்றினால், நான் இரண்டாவது தடவை செய்த மாதிரி செய்யுங்கள். 2024-இல் என் எண்ணை மாற்றுவதற்கு முன்னால் அந்தப் புது கம்பெனியில் தனியாக ஒரு சிம் வாங்கினேன். இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, சின்ன ரீசார்ஜ் செய்து, 28 நாளும் அதையே பயன்படுத்தினேன். மின்சார ரயிலில் நிற்கும்போது, ஆபீஸ் லிஃப்டில், எங்கள் குளியலறைக்குள். முக்கியமாக ராத்திரி எட்டிலிருந்து பத்து மணிவரை, தெருவே வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில். காலை ஆறு மணிக்கு எல்லா நெட்வொர்க்கும் வேகம்தான். அந்த ஒரு ரீசார்ஜ் காசு எனக்கு வீணாகத் தெரியவில்லை. பிடித்திருந்தது, பிறகுதான் என் பழைய எண்ணைக் கொண்டுபோனேன்.

போர்ட் செய்வது இப்போது எளிது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று (கோடு, code) வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாளைக்குச் செல்லும். கோடும் ஆதாரும் கொண்டு புது கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே நேரில் வர வேண்டும். அப்பாவின் சிம்மை நீங்கள் முன்பு உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்திருந்தால் அதை இப்போதே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரே மாநிலத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். மாறும் அந்த இரவு சில மணி நேரம் இரண்டு சிம்மிலும் சிக்னல் இருக்காது, பயப்பட வேண்டாம்.

பழைய சிம்மில் மிச்சமிருக்கும் வேலிடிட்டியும் பேலன்ஸும் கூடவே வராது. அதனால் பிளான் முடிய நான்கைந்து நாள் இருக்கும்போது ஆரம்பியுங்கள். முழுதாக முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது, அந்தக் கோடு பழைய நெட்வொர்க் வழியாகத்தான் வர வேண்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் தமிழ்நாட்டில் படுத்தபோது ஜனங்கள் திண்டாடியது இதனால்தான். சிக்னலே இல்லாத சிம்முக்குக் கோடு எப்படி வரும்? கடை கடையாக அலைந்தார்கள்.

போர்ட் எஸ்.எம்.எஸ். அனுப்பியதும் பழைய கம்பெனியிலிருந்து போன் வரலாம், போகாதீர்கள், சலுகை தருகிறோம் என்பார்கள். எனக்கு வந்தது. நன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் வாயால் சொன்னதை எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்பச் சொல்லுங்கள். மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவும் வழி இருக்கிறது.

சிம் மாறிய பிறகு ஜிபே, போன்பே எல்லாம் எண்ணை மறுபடி சரிபார்க்கச் சொல்லும். அதனால் வாடகை, ஈ.எம்.ஐ. கட்டும் தேதியை ஒட்டி மாற்றாதீர்கள். அப்பாவின் பென்ஷன் வங்கிக் கணக்கு அந்த எண்ணில்தான் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான். மாற்றுவது உங்கள் எண்ணும் மனைவியின் எண்ணும் மட்டும். அதிலும் ஒன்றை முதலில் மாற்றி, ஒரு மாதம் கழித்து மற்றது. அப்பாவுக்குப் பேச்சு மட்டும் பிளான். அவருக்கும் நெட்வொர்க் மாற்றியே ஆக வேண்டும் என்றால், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அந்தக் கம்பெனி சிம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் போனில் போட்டுப் பார்க்காதீர்கள், அவருடைய போனில் போடுங்கள். ராத்திரி அவர் படுக்கிற இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, அவரையே உங்கள் மனைவியைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே திண்ணையில் இருங்கள். அவர் குரலை உயர்த்தாமல் பேசி முடித்தால் மாற்றிவிடலாம்.