உறைக்குள் கிராம்பு

அன்புள்ள அக்கா,

வாழப்பாடியில் பேக்கரி வைத்திருக்கிறேன். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் கிராம்பு எண்ணெய் கலந்து மட்கும் உறை செய்தால் ரொட்டியில் சீக்கிரம் பூசணம் வராது என்று படித்தேன். பண்டத்தில் வேண்டாம் என்கிற மருந்தை உறை வழியாக ஊட்டுவதுதானே இது?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆமாம், உறையில் இருப்பது ரொட்டிக்குள் போகத்தான் செய்யும். போகாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் பூசணம் முதலில் பிடிப்பது ரொட்டியின் மேல்தோலில். அங்கே மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போய்ச் சேர்ந்தால் போதும். பிசையும் மாவிலேயே கிராம்பு எண்ணெயை ஊற்றினால் ஈஸ்ட் மந்தமாகிவிடும், மிச்ச வாசனையும் அடுப்புச் சூட்டில் பறந்துவிடும். உங்களுக்குத் தெரியாததா?

உறையிலிருந்து அந்த எண்ணெய் எப்படி மெல்ல வெளியேறுகிறது என்பதை எங்கள் மொட்டைமாடியிலேயே பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அம்மா வேட்டித்துணியில் ஜவ்வரிசி வடகம் ஊற்றுவார். கூழ் மெலிதாக ஓடிய ஓரம் கண்ணாடிபோலக் காய்ந்திருக்கும். நகத்தால் நெம்பினால் பட்டென்று உடையும். அதில் கிளிசரின் சேர்த்தால் வளையும், உறையாகும். சூட்டில் உப்பி அவிழ்ந்த மாவுச் சங்கிலிகள் காயும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. எண்ணெய்த் துளிகள் நடுவில் சிக்கிக்கொள்கின்றன. வடகத்தை உரிக்கத் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளிப்போமே, அதே வேலையை உறைக்குள் ரொட்டியின் ஈரம் செய்கிறது. பின்னல் தளர்கிறது, கிராம்பு எண்ணெயில் பூசணத்தைத் தடுக்கும் பொருளான யூஜினால் கசிகிறது.

அந்த ஈரம்தான் இதன் பலவீனமும். தயிர்சாதம் கட்ட இது ஆகாது. ஏற்காட்டு மழைக்காலத்தில் கடையில் அடுக்கிவைத்தாலே தொய்ந்துவிடும். பால்கோவாவில் கிராம்பு வாடை அடித்தால் யார் வாங்குவார்கள்?

இத்தனையும் தெரிந்தே இது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை; இன்னும் கடைகளில் தொங்குகின்றன. இங்கே சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தொட்டிகளில் குச்சிக்கிழங்குப் பால் தெளிந்து, அடியில் வெள்ளைவெளேரென்று மாவு படிகிறது. கிழங்கு விலை சரியும்போதெல்லாம் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஜவ்வரிசியை மட்டுமே நம்பி நிற்கிறார். அந்த மாவுக்கு இன்னொரு வழி திறந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதல்!

இயற்கை என்பதாலேயே எதுவும் சாதுவல்ல. பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைத்து நாக்கு எரிந்தவர்களுக்கு அது தெரியும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு. அப்படி உறை உங்கள் கடைக்கு வந்தால், உள்ளே என்ன சேர்த்திருக்கிறது என்று வெளியே அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா